விசர்ஜன்

செப்டம்பர் 16

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்றோடு முடிந்தது. இன்று செம்பூர் ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தால் அம்மா வீட்டில் இல்லை. தாராவி முழுக்கத் தேடவா முடியும்? பட்டறையில் இருந்தாள். அப்பாவின் லேத்துக்கு எதிரே ஸ்டூலில், மடியில் டிபன் கேரியரோடு.

"உங்கப்பா இன்னும் சாப்பிட வரலியேட்டி" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் எனக்கு அதுதான் வந்து தொலைக்கிறது.

செப்டம்பர் 18

சிராஜ் சாச்சா காலையில் பட்டறையைத் திறந்ததும் போன் செய்தார். அப்பாவிடம் வேலைக்கு வந்து அங்கேயே தாடி நரைத்தவர். "பிரேமா, கொஞ்சம் வா. அம்மாவைக் கூட்டிட்டு வராத."

லேத்துக்கு அடியில், கடையும்போது சீவி விழுகிற இரும்புச் சுருள் கிடந்தது. ஒரே இழை, எங்கேயும் அறுபடாமல், நீலம் பாய்ந்து. தொட்டேன். சுட்டது.

மெயின் சுவிட்ச் அணைந்தே இருந்தது. பூட்டுச் சாவி சாச்சாவின் இடுப்பில்.

"இது அண்ணாச்சி கை. எனக்கு இப்படி அறுபடாம வராதும்மா."

எனக்குத் தெரியாதா? இந்தச் சந்தில் ஓடும் தையல் மெஷின் ஷாஃப்டுகளில் பாதி அந்தக் கை கடைந்தது. பிள்ளையார் கோயில் மணியின் நாக்கும்தான்.

செப்டம்பர் 19

இன்றும்.

செப்டம்பர் 21

ஆட்கள் வேலைக்கு வரமாட்டேன் என்கிறார்கள். வராமல் போகட்டும். அம்மா சோறு தொடுவதில்லை, அதுதான் பயம். சுருள் விஷயம் அவளுக்கும் தெரிந்துவிட்டது; எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் சேர்க்கிறாள். விரல் முழுக்கக் கீறல்.

"அவிய கூப்பிடுதாவ பிள்ள. நான் போனா உனக்கென்ன, நீதான் சம்பாதிக்கியே."

கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பது மாதிரிச் சொல்கிறாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. இவளையும் விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?

செப்டம்பர் 23

சாச்சா இன்று ஒன்று சொன்னார். "அண்ணாச்சி போனதுக்கப்புறம் பட்டறை அடைக்கும்போது யாரும் விசர்ஜன் சொல்லவே இல்லையேம்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

களக்காட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் அப்பா. அங்கே லேத் கற்று, ஹவில்தாராக வெளியே வந்து, இங்கே பட்டறை போட்டார். சாயங்காலம் ஆட்களை வாசலில் வரிசையாக நிறுத்தி "விசர்ஜன்!" என்பார். அணிவகுப்பைக் கலைக்கிற உத்தரவு அது. எல்லோரும் வலது பக்கம் திரும்பிக் கலைய வேண்டும். எங்கள் வீடு இடது பக்கம். இருந்தும் மனுஷன் வலது பக்கம் சந்து முனை வரை நடந்துவிட்டுத்தான் திரும்பி வருவார். எத்தனை கேலி செய்திருக்கிறேன்!

ஆஸ்பத்திரியில் கடைசியாக அம்மாவிடம், "பார்வதி, விசர்ஜன் சொல்லு" என்றார். வெளியே கணபதி ஊர்வலத்து டோல் மேளம் காதைப் பிளந்தது. இந்த ஊரில் விசர்ஜன் என்றால் வேறென்ன, கடலில் கரைப்பதுதானே? அஸ்தியைச் சொல்கிறார் என்று நினைத்தோம். "கடல்லயே கரைச்சிருதோம், கவலப்படாதிய" என்றாள் அம்மா. மாஹிம் கடலில் கரைத்தும் விட்டோம்.

ஐயோ அப்பா. நீங்கள் கேட்டது உத்தரவு.

சாயங்காலம் லேத் முன்னால் நின்று நானே சொன்னேன்.

செப்டம்பர் 24

சுருள். நேற்றையதைவிட நீளம்.

"மக சொன்னா ஹவில்தார் கேப்பாரா?" என்றார் சாச்சா. "அவருக்கு மேல ஒரே ஆள்தான். மதினி."

உண்மைதான். ஆட்கள் கலைந்த பிறகும் அப்பாவின் லேத் ஓடும். அம்மா டீயோடு வந்து நின்று, நக்கலாக, "ஹவில்தார் சாப், விசர்ஜன்" என்றால்தான் நிற்கும்.

செப்டம்பர் 25

சாச்சா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன்.

"சொன்னா போயிருவாவல்லா? நான் என்ன கேனச்சியா?"

"அப்போ நின்னுக்கிட்டே கெடக்கட்டுமா? முட்டுவலிக்காரரும்மா அவரு!"

கத்திவிட்டேன். அம்மா உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் தன் முட்டியையே தடவிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 26

சாயங்காலம் அம்மாவே டீ போட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினாள். நானும் சாச்சாவும் பின்னாலேயே போனோம். வாசலில் நின்றாள். இந்த முறை நக்கல் இல்லை.

"ஹவில்தார் சாப். விசர்ஜன்."

ஓடாத லேத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சுற்று குறைந்து, குறைந்து, அடங்குகிற சத்தம். சாச்சா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா வலது பக்கம் திரும்பி நடந்தாள்.

அவரோடேயே போய்விடுவாளோ என்று கூப்பிடப் போனேன், சாச்சா கையை விடவில்லை. சந்து முனையில் நின்றாள். முந்தானையை எடுத்து, காற்றில், ஒரு ஆள் தோள் உயரத்தில் எதையோ துடைத்தாள். தலையாட்டினாள். அப்புறம் திரும்பி எங்களைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

"வாட்டி, பசிக்கி."

செப்டம்பர் 27

சுருள் இல்லை. அம்மா இரண்டாம் தடவை குழம்பு கேட்டாள்.

அவளுடைய நேற்றைய சேலையைத் துவைக்க எடுத்தேன். முந்தானை நுனியில் லேத் எண்ணெய்க் கறை.

"அத மட்டும் தேய்க்காத" என்றாள்.