கைடில் இல்லாத அப்பா

ஜூலை 12, வெள்ளி

பள்ளி ஸ்டாஃப் ரூமில் இன்று பிரெஞ்சு மன்றத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தோம். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் இடம், பேட்ஜ் உண்டு. இங்கே பிரெஞ்சு எடுப்பதே மார்க்குக்காக. வந்தவர்கள் எல்லாரும் கைடில் இருக்கும் சுய அறிமுகத்தை அப்படியே ஒப்பித்தார்கள். எல்லாருக்கும் அப்பா டாக்டர், வீடு பாரிஸில்.

கீழ்பென்னாத்தூர் சத்யா மட்டும் தன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், வீட்டில் இரண்டு ஆடு இருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். நடுவில் திக்கினாள். ஆனாலும் சொல்லி முடித்தாள்.

சீனியர் டீச்சர் விமலா மேடம் முகம் சுளித்தார். "கைடுல இருக்கறத உட்டுட்டு ஆடு, ஆட்டோன்னு என்னமோ சொல்லுது. இது வேணாம்."

"அது ஒண்ணுதாங்க மேடம் பிரெஞ்சு பேசுச்சு. மத்ததெல்லாம் மனப்பாடம்" என்றேன்.

"வேலைக்கு வந்து ரெண்டு மாசம் ஆவல. அதுக்குள்ள வாய் ஜாஸ்தியாயிடுச்சா?"

ஸ்டாஃப் ரூமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நாலு பேர் இருந்தால் வாயே திறக்காதவள் நான். ஆனாலும் பட்டியலில் சத்யா பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை பிரின்சிபால் வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, முதல் மாதச் சம்பளக்காரியும் நான்தான். இந்த வேலை போனால்...

போகட்டும். அந்தப் பெயரை நான் அடிக்க மாட்டேன். வேண்டுமானால் அவர்களே அடிக்கட்டும். அடித்துவிட்டு, ஏன் அடித்தோம் என்று சத்யாவிடம் பிரெஞ்சிலேயே சொல்லட்டும், பார்க்கலாம்.