பெருநாளன்று பார்த்த களப்பு

முல்லைத்தீவு
03.07.2025

அன்புள்ள மகள் பிரேமினிக்கு,

அம்மாவின் இருமல் விட்டுவிட்டது, எனக்கும் ஒரு குறையுமில்லை. மெல்பேணில் குளிர் கடுமை என்று மருமகன் றொசான் சொன்னார். நீங்கள் இருவரும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். முதலில் நிச்சயமான செய்தி: நண்டுப் பண்ணைக்கான அனுமதிப்பத்திரத்தில் இன்னும் ஒருவரும் கையொப்பமிடவில்லை. இது ஊர்க்கதை அல்ல. எங்கள் மீனவர் சங்கத் தலைவர் செல்வராசாவிடம் நேற்றுக் கடற்றொழில் காரியாலயத்தில் கொடுத்த கடிதத்தில் இருக்கிறது, நானே இரண்டு தரம் வாசித்தேன்.

போனில் அரைகுறையாகச் சொன்னதை ஒழுங்காக எழுதுகிறேன். கடலை ஒட்டிய எங்கள் களப்பில், நாங்கள் கம்பு நட்டு வலை கட்டும் பக்கத்தில் பன்னிரண்டு ஏக்கரை அடைத்து நண்டு வளர்க்க ஒரு கம்பனி விண்ணப்பித்திருக்கிறது. அதிகாரிகள் இடம் பார்க்க வந்தது யூன் பதின்மூன்று, அந்தோனியார் பெருநாள். பெருநாளுக்கு மூன்று நாள் முன்னமே எல்லாக் கம்பையும் பிடுங்கிக் கரையில் காயப்போட்டுவிட்டு ஒருவரும் தொழிலுக்கு இறங்காமல் இருப்பது எங்கள் ஊர் வழக்கம், உனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. பெருநாளுக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கோயில் சாப்பாடு கொடுத்தோம். களப்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். விருந்தாளி கேட்டால் மறுப்பதா என்று என் வள்ளத்திலேயே ஏற்றிக்கொண்டு போனேன். அவர்களுடைய அறிக்கையில் வலையோ கம்போ இல்லை, தொழில் நடைபெறாத நீர்ப்பரப்பு என்று இருக்கிறது. சோறும் போட்டு, வள்ளமும் ஓட்டி, என் இடத்தை நானே காட்டிக்கொடுத்திருக்கிறேன். "கிறகோரியண்ணை, வெத்திலையும் மடிச்சுக் குடுத்தனீங்களோ?" என்று செல்வராசா இன்னும் பகிடி விடுகிறார்.

போன கிழமை கம்பனியின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆட்சேபனையில்லை என்று கையொப்பமிட்டால் பண்ணையில் எனக்குக் காவற்காரர் வேலையாம். அம்மா குசினியிலிருந்து வந்து, இருக்கச் சொல்லிக் கதிரைகூடக் காட்டாமல், "எங்கட வளவுக்கு எங்களையே காவல் நிக்கச் சொல்லுறீரோ தம்பி? படலை திறந்துதான் கிடக்கு" என்றார். அந்தப் பிள்ளை தேத்தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டது.

நீயும் "இந்த வயசில அரசாங்கத்தோட ஏன் கொழுவுறியள், வேலையை எடுங்கோ அப்பா" என்றாய். உன் பயம் எனக்கு விளங்குகிறது. நான் பண்ணைக்கு எதிரியல்ல மகள்; ஒருவரும் தொழில் செய்யாத தண்ணீரில் எவர் எதையும் வளர்க்கட்டும். நாங்கள் மீளக் குடியேறிய வருடம், வலை வாங்க வழியில்லாமல் கையால் நண்டு பிடித்து உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பிய தண்ணீர் இது. இதை வெறும் தண்ணீர் என்று எழுதிய கடதாசியின் கீழே என் பெயர் வராது.

திரும்பவும் வந்து பார்க்க வேண்டுமென்று சங்கம் எழுதிக்கொடுத்தது. காரியாலயமும் ஒத்துக்கொண்டு, இம்மாதம் 16ஆம் திகதி புதன்கிழமை காலை ஏழு மணி என்று அதே கடிதத்தில் குறித்திருக்கிறது. அன்றைக்குக் களப்பில் தொழில் செய்யும் நாற்பத்தொரு குடும்பமும் அவரவர் கம்படியில் நிற்கும். அம்மாவும் இறங்கப்போகிறாராம்; மறித்தால் எனக்குத்தான் பேச்சு விழும்.

மாதா உங்கள் இருவரையும் காப்பாராக. டொக்டர் தந்த குளிசையை நேரத்துக்கு எடு, வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே. பதினாறாம் திகதி காலை போன் எடுக்காதே, வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டோம். அனுமதி கொடுப்பதா இல்லையா என்ற முடிவு 31ஆம் திகதிக்கு முன் வருமென்று எழுதியிருக்கிறார்கள். அதுவரை ஒரு கம்பும் கரைக்கு வராது.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
ம. கிறகோரி