ஒரு மணி முந்தி ஓடும் கடிகாரம்

பெரியவனுக்கு அம்மாவின் அன்பு. என் வலது கை ஒன்றைத் தவிர இங்கே நானும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆற்று நீர்மட்டம் பார்க்கும் அளவுக் கம்பத்துப் படியில் பாசி வழுக்கி மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருப்பதால் இதைச் சின்னவள் எழுதுகிறாள். இதுவரை அம்மா சொன்னது, அண்ணா. இதற்கு மேல் "நடந்தத நீயே எழுதிடு, கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி பதிவு செய்வேன் என்று உறுதி கூறுகிறேன். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை.

செய்தித்தாளில் "ஆற்று அளவுப் பதிவேட்டில் மோசடியா?" என்று பார்த்துவிட்டுப் பதறி எழுதியிருந்தாய். அது அம்மாவின் பதிவேடுதான், ஆனால் மோசடி இல்லை. அம்மாவின் வேலை இருக்குமா போகுமா என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. போன மழைக்காலத்தில் கீழ்த்தெரு முழுகியதே, அதற்கு ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற நாடு சொல்லாமல் கொள்ளாமல் அணையைத் திறந்ததுதான் காரணம் என்று நம் அரசாங்கம் சொல்ல, அது உங்கள் ஊர் மழை என்று அணைநாட்டார் சொல்ல, எல்லைப் பாலத்தின் இரண்டு முனையிலும் சிப்பாய்கள் குவிந்துவிட்டார்கள். கோடையில் வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்கிறோம் நாம். தேக்கி வைத்தால்தான் மின்சாரம், அதில்தானே உங்கள் விளக்கும் எரிகிறது என்கிறார்கள் அவர்கள். பேச்சுவார்த்தைக்கு விருந்தினர் மாளிகை சரிப்படாது, வெள்ளத்தில் தரை பெயர்ந்துவிட்டது என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தைக் கொடுத்தார்கள். நீ காம்பஸால் கிழித்த மேசை மேல் பச்சைத் துணி விரித்து ஒரு நாட்டின் செயலாளர் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார் என்றால் நம்புவாயா? எல்லோர் காதிலும் ஹெட்போன் மாதிரி ஒன்று, ஓரத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள். ஒருவர் பேசி முடிக்கு முன்பே அது வேறு மொழியாகி இன்னொருவர் முகத்தில் தெரிந்தது. பூகோளப் புத்தகத்தில் ஆறு ஒரு நீலக்கோடு, எல்லை ஒரு புள்ளிக்கோடு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்தக் கோடுகளை மனிதர்கள் இப்படி உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இருமி, பேசிப் பேசித்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் கண்டேன்.

நான் அங்கே எப்படி என்று கேட்பாய். பதிவேட்டுடன் வரச்சொல்லி அம்மாவுக்கு உத்தரவு, ஒற்றைக் கையால் அவ்வளவு பெரிய புத்தகத்தைத் தூக்கவோ புரட்டவோ முடியாது என்று என்னையும் அனுமதித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அணைநாட்டுத் தலைவர், வெள்ளை மீசைக்காரர், சத்தமே போடாமல் ஒன்று கேட்டார். வெள்ளத்தன்று ஆறு ஏறத் தொடங்கியது மாலை ஆறு மணி என்று இந்தப் பதிவேடு சொல்கிறது, உங்கள் தீயணைப்பு நிலையத்துக் குறிப்போ ஐந்தரைக்கே கீழ்த்தெருவில் முழங்கால் தண்ணீர் என்கிறது, ஆறு ஏறுவதற்கு முன்பே தெரு எப்படி முழுகியது என்றார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் பொய்யென்றால் ஒன்பது வருடமும் பொய்தான், இதை வைத்துக் கோடைத் தண்ணீரில் பங்கு கேட்க முடியாது என்று அவர் முடித்தபோது நம் செயலாளரின் முகம் சுண்டிப்போனது. நமக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் புத்தகம். "இதுக்கு என்னம்மா சொல்றீங்க?" என்று செயலாளர் அம்மாவைக் கேட்டார். விடை எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணா, ஏனென்றால் மேலட்டையை நான்தான் திறந்தேன். உள்பக்கத்தில் பென்சிலால் பொடியாக "மணி: அக்காவுடையது" என்று எழுதியிருந்தது. அதிகாரிகள் உள்ளே இருக்கும் பக்கங்களை மட்டும் நகல் எடுத்திருந்தார்கள். நான் வாயெடுப்பதற்குள் அம்மா மாவுக்கட்டை அப்படியே அந்த எழுத்தின் மேல் வைத்துவிட்டாள்.

தினமும் விடியற்காலையில் அம்மா போனில் "நாலு, இருபது, மழ இல்ல" என்று பேசுவாளே, யாரோடு இப்படி வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள் என்று நீகூடக் கிண்டல் செய்வாயே, அது ஆற்று மட்டம், மீட்டரும் சென்டிமீட்டரும்; பேச்சு அணைக்குக் கீழே அந்த நாட்டுக் கம்பத்தில் அளவு எடுக்கும் அக்காவோடு. ஒன்பது வருடம் முன்பு இரண்டு அரசாங்கமும் சண்டை போட்டு அளவு சொல்வதை நிறுத்தின, எந்த ஊழியரும் அந்தப் பக்கம் பேசக்கூடாது என்று உத்தரவும் போட்டன. இவர்கள் இருவரும் சொந்தப் போனில் தொடர்ந்தார்கள். ஒரே நொடியில் இரண்டு கம்பத்தையும் பார்த்தால்தான் தண்ணீர் வருவதைச் சரியாகச் சொல்ல முடியும் என்பதால், அம்மா கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தன் வேலைக் குடிலின் சுவர்க் கடிகாரத்தை அந்த நாட்டு மணிக்கு, அதாவது நம் மணிக்கு ஒரு மணி முந்தி வைத்து, அதைப் பார்த்தே பதிவேட்டையும் எழுதிவந்திருக்கிறாள். புத்தகத்தின் ஆறு மணி நமக்கு ஐந்து. வெள்ளத்தன்று அக்கா சொல்லித்தான் அம்மா கீழ்த்தெருவில் கதவு கதவாகத் தட்டினாள், அதனால்தான் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இதைச் சொன்னால் புத்தகம் பிழைக்கும், அம்மாவின் வேலை போகும். தன் வேலையைவிட, முகம்கூடப் பார்த்திராத அக்காவின் வேலையை நினைத்துத்தான் அம்மா பேசாமல் நின்றாள்.

அப்போது அணைநாட்டார் வரிசைக்குப் பின்னால், சுவரோரமாக, மடியில் ஒரு பதிவேட்டை அணைத்தபடி உட்கார்ந்திருந்த குண்டுப் பெண்மணி எழுந்தார். தடித்த கம்பளிச் சட்டை, கால்களில் ரப்பர் செருப்பு. யாரும் கேட்காமலே, நம் மொழியில், கொஞ்சம் கோணலாக, "அஞ்சு, நாப்பது. மழ இல்ல. சாப்பிட்டியா?" என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவர்கள் இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று விழித்தார்கள். அம்மாவுக்கு மட்டும் புரிந்தது. கண் கலங்கியது (இதை எழுதாதே என்றாள், உண்மையை எழுதச் சொன்னவளும் அவள்தான்). "சாப்பிட்டேன் அக்கா" என்று சொல்லி, மாவுக்கட்டை அட்டையிலிருந்து எடுத்தாள். பிறகு செயலாளரைப் பார்த்து, "கடிகாரம் தப்பு இல்ல சார், அது அவங்க கடிகாரம். உத்தரவ மீறினது நாந்தான்" என்றாள். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நான் ஒரு வரி படிக்க, அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் அக்காவின் புத்தகத்திலிருந்து ஒரு வரி படிக்க, அங்கே மதகு திறந்து சரியாக நாலு மணி நேரத்தில் இங்கே தண்ணீர் ஏறியிருந்தது, எந்த வருடத்தைப் புரட்டினாலும் அப்படியே. நாற்பது சொல்கூடப் பொதுவாக இல்லாத இரண்டு பெண்கள், இவ்வளவு பெரிய ஆற்றை ஒன்பது வருடம் ஒரு நாள் தவறாமல் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெள்ளை மீசைக்காரர் காதில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பே இல்லாமல் எங்கள் இருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தை இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டன, மதகு திறந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று கையெழுத்தும் ஆகிவிட்டது. கோடைப் பங்கு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது, சிப்பாய்களும் பாலத்தை விட்டு இன்னும் போகவில்லை. அக்காவை உடனே காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இருவரும் கிட்டப்போய்ப் பேசக்கூட முடியவில்லை. மறுநாள் தலைமைப் பொறியாளர் வந்து, "விசாரண முடியறவரைக்கும் நீங்க பணியில இல்லம்மா" என்று தாளைக் கொடுத்தார், படியிறங்கும்போது திரும்பி, "அப்ப நாளைக்குக் காலைல யாரு அளவு எடுப்பா?" என்று கேட்டார். "நாந்தான் சார்" என்றாள் அம்மா. "எடுங்க, ஆனா நான் பாக்கல. அந்தக் கடிகாரத்த மட்டும் நம்ம மணிக்கு மாத்திடுங்க" என்றார். மாவுக்கட்டோடு ஸ்டூலில் ஏற முடியாதே சார் என்று அம்மா பவ்யமாகச் சொன்னாள். என்னை ஏறச் சொல்லவில்லை.

இரண்டு காலை போன் வரவில்லை. அம்மா அளவை எழுதிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இரண்டு நாளும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இன்று காலை, குடிலில் ஒன்பது வருடமாகத் துணி போர்த்தி வைத்திருந்த அரசாங்க டெலிபோன் அடித்தது, அண்ணா. ஆற்றைக் கடந்து போகிற அந்தக் கம்பியில் மறுபடியும் உயிர் வந்ததைக் கேட்டு நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அம்மா எடுத்தாள். யாரோ ஓர் ஆண் குரல் அளவை அதிகாரமாகப் படித்தது. அப்புறம் பின்னாலிருந்து, தூரத்தில், "சாப்பிட்டியா?" என்றது தெரிந்த குரல். "இனிமேதான் அக்கா" என்றாள் அம்மா.

இனி அம்மா சொல்வது. விசாரணையை நினைத்து நீ லீவு போட்டு ஓடி வராதே, கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்லுவேன். தனியாக இருக்கிறோம் என்று சோர்ந்துபோகாதே, பக்கத்து அறைக்காரரிடம் நாலு வார்த்தை பேசு, மொழி தெரியாவிட்டால் சாப்பிட்டாயா என்றாவது கேள். கடிதத்தில் தேதியோடு மணி எழுதுகிறாயே, அது எந்த ஊர் மணி என்றும் போடு. நீண்ட ஆயுளோடும் தெளிந்த மனதோடும் இரு.

உன் அம்மா
(இடது கையால் வைத்த கோடு அவளுடையது, மற்ற எழுத்தெல்லாம் உன் தங்கையுடையது)

உறையை ஒட்டுவதற்குள் ஏழு மணி ஆகிவிட்டது, வழக்கம்போல மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தெரு விளக்கையும் வீட்டு விளக்கையும் அணைத்துவிட்டார்கள். குடிலில் இப்போது மணி எட்டு.