அம்மனுக்குப் போன பாதங்கள்

7 மார்ச் 1961, இரவு 8.40. பிளாஸ்டர் பாதங்கள்: செய்தவை இரண்டு, கையிருப்பு பூஜ்யம்.

தபால்காரர் கோவிந்தனுக்குத் தட்டைக்கால். திங்கட்கிழமைக்குள் வலியில்லாமல் நடக்காவிட்டால் வேலை போய்விடும். பூட்ஸுக்குள் உள்ளங்காலைத் தாங்குகிற மாதிரி தக்கையும் தோலும் செதுக்க வேண்டும். அதற்கு அளவு, அவர் காலைப் பதிந்து நான் வார்த்த அந்தப் பிளாஸ்டர் பாதங்கள்தான். என் பட்டறை வாசலில் வெயிலில் காயவைத்தேன், காணோம். கோவிந்தனையே கேட்டேன்.

"திருவக்கரை அம்மனுக்குச் செலுத்திட்டேன் சார். கால் உருவம் வைக்கிறேன்னு வேண்டிக்கினு இருந்தேன். கடையில விக்கிறது யார் காலோ! இது அப்படியே என் காலாச்சே."

"வலி?"

"பாதி போச்சுங்க. மீதி உங்க கையில."

நாளைக்கே மறுபடி வரச் சொன்னேன்.

நாளை:
1. மறுபடி பாதம் வார்த்து, அலமாரியில் வைத்துப் பூட்டுவது.
2. சனிக்கிழமைக்குள் தக்கையைச் செதுக்கி முடிப்பது.
3. அம்மனிடம் போன இடது குதிகாலில் காற்றுக்குமிழி ஓட்டை இருந்ததைக் கோவிந்தனிடம் சொல்லாதிருப்பது.