தட்டிக்கொண்டு வரும் வண்டி

என்னை அழவைத்தே வளர்த்த அண்ணனுக்கு,

உன் வண்டிக்கு உயிர் வந்துவிட்டது. சந்தோஷம்தானே? எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ செத்துப்போனதை அம்மா மறந்துவிட்டாள். சாயங்காலம் ஆனால் உன் தட்டையும் தன் தட்டையும் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். "வண்டி சத்தம் கேக்கட்டும், துன்றேன்" என்பாள். சோறு அப்படியே காயும். ஆள் பாதியாகிவிட்டாள். அந்தச் சத்தத்தையாவது அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் எஞ்சினைக் கழற்ற வைத்தேன்.

மழைத் தண்ணீர் புகுந்து பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளுக்கு எவன் சாமான் வைத்திருக்கிறான்? அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைக்குக் கடை சிரித்தார்கள். பூந்தமல்லிக் காயலான் கடைக்காரர், "எடைக்குப் போட்ரும்மா" என்றார். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. பிடி பிடியென்று பிடித்ததில் மனுஷன் உள்ளே போய்க் குவியலைக் கிளறி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார்.

ஆவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஏழுமலை அதற்கேற்ப சிலிண்டரைக் குடைந்து கொடுத்தார். எங்கும் கிடைக்காத புஷ் வளையத்தைத் தானே கடைந்தார். நம் திருமுல்லைவாயில் வீட்டுக்கே வந்து எஞ்சினைப் பூட்டி, உதைத்துக் கிளப்பினார். அடேயப்பா, என்ன சுத்தமான சத்தம்!

அம்மா எட்டிப் பார்த்தாள். "யாரு வந்துகீறாங்க? எங் கொயந்த வண்டி தட்டிகினு இல்ல வரும்?" சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பட்டு மாரி ஓடுது, இன்னாக்கா அம்மா இப்டி சொல்டுச்சு?" ஏழுமலைக்கு முகமே விழுந்துவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வால்வைத் தள்ளும் டாப்பெட்டை நீ எப்போதும் தளர்த்தித்தானே வைப்பாய்? "இறுக்குனா வால்வு கருகிடும், தட்டுனா ஆயுசு கெட்டி" என்று என்னிடமே எத்தனை தடவை அளந்திருக்கிறாய். இடைவெளி அளக்கும் கேஜ் வாங்கக் கஞ்சப்பட்டு, தேய்த்து மெலிசாக்கிய ஆக்ஸா பிளேடு துண்டை நுழைத்துப் பார்ப்பாய். ஏழுமலை முறைப்படி வைத்துவிட்டார். அதில் உன் தட்டல் போய்விட்டது.

மறுநாள் வந்து தளர்த்துவதாகச் சொல்லிக் கிளம்பினார். புது ஸ்பார்க் பிளக் இன்னும் வரவில்லை. ஓட்டிப் பார்க்கப் போட்டிருந்த தன் பட்டறைப் பிளக்கையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். பிளக் இல்லாத வண்டி எப்படி அண்ணா ஓடும்?

அன்று சாயங்காலம் அம்மா குழம்பு கேட்டாள். பிசைந்து, வழித்து, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினாள். என்னம்மா திடீரென்று என்று கேட்டேன்.

"இப்பத்தான வந்தான். சத்தம் கேக்கல உனக்கு? கை கழுவிகினு கீறான்."

குழாயடி ஈரமாகத்தான் இருந்தது. நான் பாத்திரம் கழுவியிருப்பேன். கழுவினேனா?

காலையில் ஏழுமலை டாப்பெட் மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அக்கா, நானு இவ்ளோ லூசா உடலியே. யாரு கை வச்சது?"

உன் பெட்டியிலிருந்த பிளேடு துண்டை எடுத்து இடைவெளியில் நுழைத்தேன். வைத்து அளந்தது போல உட்கார்ந்தது.

அம்மா இப்போது தினமும் சாப்பிடுகிறாள். அதற்கு உன் காலில் விழுவேன். ஆனால் அடுத்த அறையில்தானே நானும் இருக்கிறேன்? உன் வண்டிக்காகத் தெருத் தெருவாக அலைந்தது நான்தானே? எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? அவ்வளவு வேண்டாதவளாகிப் போனேனா?

அந்த டாப்பெட்டை இனி யாரும் தொட விடமாட்டேன். இன்றைக்கு அம்மா தட்டுக்குப் பக்கத்தில் என் தட்டையும் வைத்திருக்கிறேன். அவள் சாப்பிட்டு முடித்துவிட்டாள். வண்டிச் சத்தம் கேட்காமல் நான் சோற்றில் கை வைக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

பசியோடு உட்கார்ந்திருக்கும்
உன் வாயாடித் தங்கச்சி