ஏழாவது இன்னிங்ஸுக்கு வருகிறவர்கள்

அன்புள்ள மகளுக்கு,

சொல்ல வேண்டியவை மூன்று:
1. ஞாயிறன்று பேஸ்பால் பார்க்கப் போனேன்.
2. அங்கே நடந்தது என்னைப் பயமுறுத்தவில்லை.
3. அரிசோனாவுக்கு, உன் வீட்டோடு வந்துவிடும்படி நீ கேட்டதற்கு என் பதில்.

உருக்காலை மூடி நாற்பது வருடமாகி, உலையில் நின்ற கடைசி ஆளும் போய்ச் சேர்ந்த பிறகும், மைதானத்தில் உலைக்காரர்களின் பெஞ்சுகளில் நம் ஊரார் எவரும் உட்காருவதில்லை. அந்த நாளில் அவர்கள் ஷிஃப்ட் முடிந்து ஏழாவது இன்னிங்ஸுக்குத்தான் வந்து சேர்வார்கள். அவர்கள் உருக்கிய இரும்பில்தான் பாதி நாடு நிற்கிறது என்று நமக்குப் பெருமை. வரைபட அறையில் வேர்க்காமல் வேலை பார்த்த எனக்கு அங்கே உட்காரும் தைரியம் வந்ததேயில்லை.

ஞாயிறன்று ஏழாவது இன்னிங்ஸின் நடுவில், பேஸ்பால் வழக்கப்படி, கால் நீட்டிக்கொள்ள எல்லோரும் எழுந்து நின்றோம். அப்போது அந்தக் காலிப் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டுத் தாழ்ந்தன. பக்கத்திலிருந்த நண்பன் வால்ட்டின் கையைப் பிடித்தேன்.

"இன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சா, இஞ்சினியரே? அவங்க வாராவாரம் வர்றாங்க," என்று சிரித்தான். "கடைசி பெஞ்சைப் பாரு. உனக்கு இடம் போட்டிருக்காங்க. உலையில நின்னவன் இல்லையேன்னு கூச்சப்படாதய்யா."

மழையில் நனைந்திருந்த அந்தப் பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் யாரோ துடைத்துவிட்டதுபோல் காய்ந்திருந்தது.

வாழ்நாளெல்லாம் நான் ஏங்கிய மரியாதை அது. ஆனாலும் போய் உட்காரவில்லை. நாளைக் காலைப் பேருந்தில் உன்னிடம் புறப்படுகிறேன்.

இரண்டாவதாக எழுதியது தவறு, மகளே.

உன் அப்பா