பார்த்துக்கொண்டிருப்பது என்ற வைத்தியம்

ஜூன் 3, செவ்வாய்
காலையிலிருந்தே புழுக்கம். கடல் பக்கம் காற்றே இல்லை. மாடியில் காயப்போட்ட வேட்டியில் சாம்பல் தூசி. மறுபடி அலசினேன்.

இன்று டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும் நாள். ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. காலண்டரில் நானே வட்டம் போட்டு வைத்திருந்தேன். லேபில் இருந்த பெண் கேட்டாள், "எந்த ட்ரீட்மென்ட்ல கீறீங்க சார்?" எதிலும் இல்லை என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

போன வருடம் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். பிராஸ்டேட்டில் கேன்சர். சின்னது, மெதுவாக வளர்கிற வகை. இப்போது அறுக்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்ப்போம், ஏறினால் யோசிப்போம் என்றார்கள். கண்காணிப்பாம். கண்காணிப்பவர் யார் என்று இதுவரை தெரியவில்லை.

மதியம் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட். எடைமேடையில் காட்டுப்பள்ளி துறைமுகத்து ட்ரெய்லர்கள், ரோடு வரைக்கும் வரிசை.

ஜூன் 6, வெள்ளி
ரிப்போர்ட் வந்தது. 8.2. போன தடவை 5.9.

ஆஸ்பத்திரிக்கு ஐந்து தடவை போன். நான்கு தடவை மணி அடித்து நின்றது. ஐந்தாவதில் ஓர் ஆள்: "டாக்டர் இல்ல. திங்கக்கிழம வாங்க."

கஸ்தூரியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "ஏறிப்போச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். அதோடு சரி.

சாயங்காலம் பிரபுவுக்குப் போன். ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஏறிக்கொண்டிருந்தான். "நைனா, பெருசா இருந்தா அப்பவே ஆபரேஷன் பண்ணியிருப்பாங்க. ஒண்ணும் இல்ல, நீ பேஜாராவாத."

மகனுக்கு இது ஒன்றுமே இல்லை. மனைவிக்கு எல்லாம் முடிந்த கதை. நடுவில் நான்.

ஜூன் 8, ஞாயிறு
கஸ்தூரியின் தம்பி தனசேகர் ஆப்பிளோடு வந்தான். அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"உள்ள வெச்சுகினு வேடிக்க பாக்கறாங்களா மாமா? அறுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது வேல. தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் கீறாரு."

அறுத்தால் மூத்திரம் நிற்காமல் போகலாம், வேறு சங்கடங்களும் வரலாம், அதனால்தான் காத்திருக்கச் சொன்னார்கள் என்றேன். "இந்த வயசுல அதெல்லாம் இன்னாத்துக்கு?" என்று சிரித்தான். எனக்கு அறுபத்தொன்று. ஆப்பிள் புளித்தது.

நாளைக்குக் கேட்க வேண்டியவை எழுதினேன். ஆறு கேள்வி.

ஜூன் 9, திங்கள்
ஒன்பது மணிக்குப் போனேன், பன்னிரண்டே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். புது டாக்டர், சின்ன வயசு. என் ஃபைலை அப்போதுதான் பிரிக்கிறார். "ஏறியிருக்கு. ஆபரேஷன் பண்ணிக்கலாம், இல்ல வெயிட் பண்ணலாம். நீங்கதான் டிசைட் பண்ணணும்." எதை வைத்து என்று கேட்டேன். "வீட்ல பேசிட்டு வாங்க." ஆபரேஷனுக்கான ஃபாரம் ஒன்று கையில். ஆறு கேள்வியில் இரண்டுதான் கேட்க முடிந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். பெயர், வயது, முகவரி வரைக்கும். கையெழுத்து போட்டுவிட்டால் வீட்டில் ஒரு பேச்சாவது முடியும் என்று தோன்றியது.

பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். கன்னியப்பன். எண்ணூரில் போட் வைத்திருப்பவர். அவருக்கும் இதே நோய்தான், இதே காத்திருப்பு, மூன்று வருடமாக.

"எவ்ளோ ஏறிச்சு?"

சொன்னேன்.

"மூத்திரம் எரியுதா?"

பத்து நாளாக எரிகிறது. யார்டு வெயில் என்று நினைத்திருந்தேன்.

"எனுக்கும் ஒருக்கா அப்பிடித்தான் எகிறிச்சு. சீழு புடிச்சிருந்தாலும் ஏறுமாம். கையெழுத்து போடாதண்ணே. உள்ள நர்ஸம்மா கீது, அதான் பொறுமையா கேக்கும். வா, இட்டுகினு போறேன்."

நர்ஸ் மேரி, ஐம்பது இருக்கும். கேட்டுவிட்டு டாக்டரிடம் போய் மூத்திர டெஸ்டுக்கு எழுதி வாங்கி வந்தார். ஒரு வருடத்தில் என்னை உட்காரச் சொல்லிப் பேசிய முதல் ஆள்.

ஃபாரம் பையில்தான் இருக்கிறது.

ஜூன் 11, புதன்
மூத்திரத்தில் கிருமி. மாத்திரை. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம். அதுவரை எதுவும் முடிவு செய்ய வேண்டாம் என்றார் மேரி.

யார்டில் ஒரு ட்ரெய்லர் எடையைத் தப்பாகப் பதிந்தேன். சூப்பர்வைசர் திட்டவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஜூன் 14, சனி
கஸ்தூரி பையில் ஃபாரத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம கையெழுத்து போடப் போனியா?"

போடவில்லை என்றேன். பிறகு நானும் கத்தினேன். ஒரு வருடமாக நீ என்ன என்று கேட்டாயா, நேராக முகத்தைப் பார்த்தாயா என்று.

"கேட்டேன்யா. கேக்கறப்பல்லாம் ஒண்ணுமில்லன்னுட்ட. ஒண்ணுமில்லன்னா இன்னாத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிகினு கீற? மருந்து குடுக்காம வூட்டுக்கு அனுப்புனா, கை வுட்டுட்டாங்கன்னுதானே நெனப்பேன். எங்கப்பன அப்பிடித்தான் அனுப்புனாங்க."

அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஃபைலை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொரு தாளாகத் தமிழில் சொன்னேன். பல இடங்களில் எனக்கே புரியவில்லை, புரியவில்லை என்றும் சொன்னேன். சில இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டாள். 'மெதுவாக வளரும்' என்ற வரியை மூன்று தடவை சொல்லச் சொன்னாள். குக்கர் கத்திக்கொண்டே இருந்தது, இரண்டு பேருமே எழுந்து போகவில்லை. சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 24, வியாழன்
ரத்தம் கொடுத்தேன். எரிச்சல் போய் ஒரு மாதம். ராத்திரி தூறல், காலையில் ரோடெல்லாம் சேறு. கன்னியப்பன் போன் செய்தார்: "பயப்புடாத, ரிப்போர்ட் வந்தா சொல்லு." எட்டு மத்தி மீன் வாசலில் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். வைத்துவிட்டும் போனார்.

ஜூலை 28, திங்கள்
6.1.

கஸ்தூரியும் வந்தாள். நான் கூப்பிடவில்லை, காலையில் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். அதே டாக்டர். இறங்கியிருக்கு, இப்படியே தொடரலாம், அடுத்த மாதம் ஒரு எம்.ஆர்.ஐ. என்றார். ஃபைலை மூடப் போனார்.

"இருங்க டாக்டர்," என்றாள். "அடுத்த தேதிக்கு யாரு கூப்புடுவீங்க?"

நீங்களே ஞாபகம் வெச்சுக்கணும்மா என்றார்.

"வெச்சுக்கறோம். ஏறிச்சுன்னா யாருக்கு போன் பண்றது? அத எழுதிக் குடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்து, மேரி நர்ஸின் அறை போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் அவளுக்கு. டோல்கேட்டில் நெரிசல், வண்டி நகரவில்லை.

"அந்த எம்.ஆர்.ஐ.ல உள்ள தள்ளி மூடிடுவாங்களா?"

அரை மணி நேரம்தான் என்றேன்.

"நான் வெளிய குந்திகினு இருக்கேன்."